கேசட் குடு மச்சி... நாளைக்குத் தர்றேன்!

'அண்ணே, ஒரு பி.எஸ் 5 எடுக்கலாம்னு இருக்கேன். டிஸ்க் போடுறது எடுக்கவா, டிஜிட்டல் எடிஷன் எடுக்கவா?' - இந்த ஒரே கேள்வியை இந்த மாசத்துல மட்டும் நாலு பேர் கேட்டாச்சு. கூடவே, 'எதுல கிராஃபிக்ஸ் செமையா இருக்கும்?'னு ஒரு துணைக்கேள்வி வேற.

ரெண்டுலயும் அதே கிராஃபிக்ஸ்தான் பாஸ்! உள்ளே இருக்கிற சிப் ஒண்ணுதான். ஒண்ணுல டிஸ்க்கைச் செருக முன்னாடி ஒரு வாய் இருக்கு, இன்னொண்ணுல இல்லை. அம்புட்டுதான் வித்தியாசம். 2021 பிப்ரவரி 2-ம் தேதி பி.எஸ் 5 நம்ம நாட்டுக்கு வந்தப்போ, வாய் உள்ள பெட்டி 49,990 ரூபாய். வாய் இல்லாத பெட்டி 39,990 ரூபாய். ஆக, அந்த வாய்க்கு விலை பத்தாயிரம்!

'அப்போ பத்தாயிரம் மிச்சம்!'னு துள்ளிக் குதிக்கிறவங்க கொஞ்சம் உட்காருங்க. இந்த வாரக் கச்சேரி உங்களுக்குத்தான். நான் எந்தக் கட்சினு முன்னாடியே சொல்லிடுறேன். காஞ்சிபுரம் மாதிரி ஊர்கள்ல கேம் ஆடுற கூட்டம்னு ஒண்ணு உருவானதே அந்த வாயாலதான். கம்பெனிகள் இப்போ கொஞ்சம் கொஞ்சமா தைச்சு மூடிக்கிட்டிருக்கிறதும் அதைத்தான்.

ஊதிப் போடு!

உங்கள்ல பல பேர் பிறக்குறதுக்கு முந்தின கதை இது. தொண்ணூறுகள்ல பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு தெருவுல ஒரு வீட்டுல 'டிவி கேம்' இருந்தாலே பெரிய விஷயம். சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர்னு என்னென்னவோ பேர்கள்ல வரும். எல்லாமே 1983-ல ஜப்பான்ல நிண்டெண்டோ இறக்கின ஃபேமிகாம் பெட்டிக்கு ஒண்ணுவிட்ட தம்பிங்க. அதுல பல பேர், அண்ணனுக்கே தெரியாம பிறந்த தம்பிங்க!

கேம் இருக்கிற அட்டைப் பெட்டிக்கு இங்கிலீஷ்ல என்ன பேரோ தெரியாது. நமக்கு அது 'கேசட்'. மேல '9999 இன் 1'னு போட்டிருப்பான். நம்பி வாங்கினா கான்ட்ரா, மரியோ, டக் ஹன்ட்னு இருபது கேம்தான் வேற வேற பேர்ல சுத்திச் சுத்தி வரும். ஓடலைனா கழட்டி, அடியில வாயை வெச்சு 'உஃப்'னு ஊதி, மறுபடி சொருகணும். அந்த ஊதலுக்கும் கேம் ஓடுறதுக்கும் சம்பந்தமே இல்லை, கழட்டி மாட்டுறதுலதான் கம்பி சரியா ஒட்டுதுனு பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். இப்பவும் நம்ப மனசு வரலை.

இதுல ஒரு வேடிக்கை கவனிங்க. டிவி கேம் வெச்சிருந்தவன்கிட்ட கேசட் அதிகம் இருக்காது. பெட்டிக்கே காசு தீர்ந்திருக்கும். ஆனா, பெட்டியே இல்லாத பசங்க கேசட் வாங்கினாங்க! காசு சேர்த்து ஒரு கேசட் கையில வெச்சிருந்தா, எந்த வீட்டுக்குள்ளேயும் போகலாம். 'என்கிட்ட டபுள் டிராகன் இருக்கு'னு சொன்னா போதும், ரெண்டாவது ஜாய்ஸ்டிக் உன் கைக்கு வரும். ஒரு பக்கம் தறி 'டக்கு டக்கு'னு ஓடிக்கிட்டிருக்கும், அதுக்கு நடுவுல நாலு பேர் தரையில உட்கார்ந்து கான்ட்ரா ஆடுவோம். கேசட்தான் எங்களுக்கு டிக்கெட், வட்டி, சீதனம் எல்லாம். 'குடு மச்சி, நாளைக்குத் தர்றேன்'னு போன கேசட், நாலு தெரு சுத்தி ஒரு மாசம் கழிச்சு வேற ஸ்டிக்கரோட வரும்.

அதாவது, ஒரு பெட்டிக்கு ஒருத்தர்தான் காசு கொடுத்தார். ஆடினது முப்பது பேர்.

முறையா வந்த பெட்டிகளோட நிலைமை என்னனு பாருங்க. 1995-ல செகா கம்பெனி இங்கே ஷா வாலஸோட கை கோத்து மெகா டிரைவை விற்க வந்தது. ஆமா, சரக்கு வியாபாரத்துல பேர் வாங்கின அதே ஷா வாலஸ்தான்! இறக்குமதி வரி 80 சதவிகிதம், அதைத் தாண்டத்தான் இந்தக் கூட்டணி. அப்படியும் பெட்டி விலை 18,000 ரூபாய். 1995-ல 18,000! 2006 செப்டம்பர்ல எக்ஸ்பாக்ஸ் 360 வந்தப்போ 23,990. அக்‌ஷய் குமாரும் யுவராஜ் சிங்கும் விளம்பரத்துல நின்னாங்க. 2007-ல பி.எஸ் 3 வந்தது, 39,990. நிண்டெண்டோ ஸ்விட்ச் 2017-ல உலகத்துக்கே வந்தப்போ இந்தியாவை எட்டிக்கூடப் பார்க்கலை. வந்ததெல்லாம் பின்வாசல் வழியாத்தான். வரியும் லேசுல விடலை. ஜி.எஸ்.டி வந்தப்போ கன்சோலுக்கு 28 சதவிகிதம். 2019 ஜனவரியிலதான் 18 ஆச்சு.

இந்த விலையில தனியா வாங்கி தனியா ஆடுறதுனா, நம்ம ஊர்ல பட்டுக்கடை முதலாளி வீட்டுப் பசங்க மட்டும்தான் ஆடியிருக்க முடியும். மத்தவங்களைக் காப்பாத்தினது மணிக்கு இவ்வளவுனு வாங்கின கேம் கடைகள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடி ரூம், மூணு டிவி, மூணு பி.எஸ் 2. எல்லாமே சிப் அடிச்ச பெட்டி. டிஸ்க் எல்லாம் சென்னை பர்மா பஜார்ல கட்டு கட்டா வாங்கினது. அது திருட்டு டிஸ்க்தான், அதுக்கு நான் வக்காலத்து வாங்க வரலை. ஆனா, அந்த ரூம்ல வைஸ் சிட்டி ஆடக் கத்துக்கிட்டவன்தான் வேலைக்குப் போய் முதல் சம்பளத்துல ஒரிஜினல் பெட்டி எடுத்தான். எனக்குத் தெரிஞ்சே அப்படி ஏழெட்டுப் பேர் இருக்காங்க. இந்தியாவுல கன்சோல் மார்க்கெட்டுக்கு விதை போட்டது விளம்பரம் இல்லை பாஸ், இரவல்தான்.

தறி என்னோடது, அட்டை அவரோடது

இந்த இடத்துல ஒரு சின்ன யூ-டர்ன். நம்ம ஊர்த் தறி வீட்டுக்குள்ளே போயிட்டு வரலாம். வெளியூர்க்காரங்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

பட்டுத்தறிக்கு மேல ஒரு மரப்பெட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும். அதுதான் ஜக்கார்டு. அதுலேர்ந்து ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையா நூல்ல கோத்து மாலை மாதிரி தொங்கும். ஒரு அட்டை, ஊடையில ஒரு இழைக்கு. அட்டையில ஓட்டை இருக்கிற இடத்துல ஊசி உள்ளே போகும், அந்தப் பாவு இழை மேலே எழும்பும். ஓட்டை இல்லைனா எழும்பாது. இப்படி ஆயிரக்கணக்கான அட்டை திரும்பினா, புடவை முந்தியில ஒரு அன்னமோ யாளியோ வந்து நிக்கும். அந்த அட்டைக்கு முன்னாடி, டிசைன் போடுறவர் கட்டம் போட்ட பேப்பர்ல ஒவ்வொரு கட்டமா கலர் அடிப்பார். பழைய நிண்டெண்டோவுல மரியோவை வரைஞ்சவங்களும் அதையேதான் பண்ணினாங்க. 8-க்கு 8 கட்டம், அதுல எந்தக் கட்டத்துக்கு எந்தக் கலர்ங்கிறதுதான் கணக்கு. பிக்ஸல் ஆர்ட்னு நீங்க சொல்றது எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு இருந்த சமாசாரம்!

இது சும்மா உவமை இல்லை. 1804-ல பிரான்ஸ்ல ஜக்கார்டுங்கிறவர் கொண்டுவந்த இந்த அட்டையைப் பார்த்துத்தான், 1830-கள்ல சார்லஸ் பாபேஜ் தன்னோட கணக்கு எந்திரத்துக்கும் ஓட்டை அட்டையிலயே கட்டளை கொடுக்கலாம்னு திட்டம் போட்டார். அப்படிப் பார்த்தா கம்ப்யூட்டருக்கு தறி பெரியப்பா முறை.

அட்டையை மாத்தினா டிசைன் மாறும். கேசட்டை மாத்தினா கேம் மாறும். தறிதான் கன்சோல், அட்டைதான் கேம். சரி, அந்த அட்டை யாருக்குச் சொந்தம்?

காஞ்சிபுரத்துப் பசங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. சொந்தத் தறிக்கும் கூலித் தறிக்கும் என்ன வித்தியாசம்னு அஞ்சாங்கிளாஸ்லயே தெரிஞ்சிருக்கும். கூலிக்கு நெய்றவர் வீட்டுல தறி இருக்கும், மின்சார பில் அவர் கட்டுவார், முதுகு வலியும் அவருக்குத்தான். ஆனா பட்டு, ஜரிகை, டிசைன் அட்டை எல்லாம் முதலாளி கொடுத்தது. நெய்து முடிச்சா புடவை அங்கே போகும். 'அந்த டிசைன் இனி வேண்டாம், அட்டையைக் கொடுத்துடு'னு முதலாளி சொன்னா கொடுத்துடணும். பக்கத்து வீட்டுக்காரர், 'அண்ணே, அந்த யாளி டிசைனை எனக்கும் ஒரு புடவைக்குக் கொடேன்'னு கேட்டா கொடுக்க முடியாது. தறி என்னோடது, அட்டை அவரோடது.

டிஜிட்டல் எடிஷன் வாங்குற தம்பிகளே, நீங்க கையெழுத்துப் போடுற ஒப்பந்தம் அச்சு அசலா இதேதான். பெட்டி உங்களோடது. 4,999 ரூபாய் கொடுத்து 'வாங்கின' கேம் உங்களோடது இல்லை. ஆடிக்கிறதுக்கு ஒரு அனுமதி, அவ்வளவுதான். ஃபிரெண்டுக்குக் கொடுக்க முடியாது. ஆடி முடிச்சுட்டு பாதி விலைக்குத் தள்ளிவிட முடியாது. அக்கவுன்ட் லாக் ஆனா அதுவும் போச்சு. கூலி நெசவாளிக்காவது மாசமானா கூலி வரும். நாம காசு கொடுத்து கூலி வேலை பார்க்கிறோம்!

'என்னண்ணே, ரொம்ப பயமுறுத்துறீங்க'ங்கிறீங்களா? நடந்ததை மட்டும் சொல்றேன். 2014-ல யுபிசாஃப்ட் 'தி க்ரூ'னு ஒரு கார் ரேஸ் கேம் விட்டது. 2024 மார்ச் 31-ம் தேதி சர்வரை அணைச்சாங்க. காசு கொடுத்து வாங்கினவங்க ஒருத்தராலயும் அதுக்கப்புறம் ஆட முடியலை. இதுல கொடுமை, டிஸ்க் வெச்சிருந்தவனுக்கும் அதே நாமம்தான். சர்வர் இல்லாம அந்த டிஸ்க் ஓடாது. அதே வருஷம் ஆகஸ்ட் 23-ல சோனியோட 'கான்கார்ட்' வந்தது. ஆள் சேரலை. செப்டம்பர் 6-ம் தேதி கடையைச் சாத்திட்டாங்க. ரெண்டே வாரம்! பணத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க, அது வரைக்கும் நல்லது. நிண்டெண்டோ 3டிஎஸ் கடையை 2023 மார்ச்ல மூடினப்போ, டிஜிட்டலா மட்டும் வந்த பல கேம்களைப் புதுசா வாங்க வழியே இல்லாமப் போச்சு.

இதெல்லாம் எதுக்கு, பப்ஜியை மறந்துட்டீங்களா? 2020 செப்டம்பர் 2-ம் தேதி அரசாங்கம் தடை போட்டது. அக்டோபர் 30-ம் தேதி சர்வர் கதவும் சாத்தியாச்சு. கேன்டீன் காசை மிச்சம் பிடிச்சு வாங்கின துப்பாக்கி ஸ்கின்னு, டிரெஸ்ஸு, எல்லாம் ஒரே நாள்ல காத்துல. அப்புறம் 2021 ஜூலையில பி.ஜி.எம்.ஐ-னு வந்தது, 2022 ஜூலையில அதுவும் காணாமப் போச்சு, 2023 மே மாசம் திரும்ப வந்தது. தடை சரியா தப்பாங்கிறது வேற பஞ்சாயத்து. சாவி யார் கையில இருந்ததுங்கிறதை மட்டும் பாருங்க.

ஒரு ஆறுதலான பழைய செய்தியும் இருக்கு. 2013-ல எக்ஸ்பாக்ஸ் ஒன் வரப்போகுதுனு சொன்னப்போ, மைக்ரோசாஃப்ட் ரெண்டு கண்டிஷன் போட்டது. பெட்டி 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை இன்டர்நெட்ல வந்து 'உள்ளேன் ஐயா' சொல்லணும். டிஸ்க்கை இரவல் கொடுக்கிறதுக்கும் விற்கிறதுக்கும் கட்டுப்பாடு. உடனே சோனி ஒரு வீடியோ விட்டாங்க பாருங்க... 'பி.எஸ் 4-ல கேமை எப்படி ஷேர் பண்றது?'னு விளக்குற வீடியோ. சோனி ஆள் ஒருத்தர் இன்னொருத்தர் கையில டிஸ்க்கைக் கொடுக்கிறார். அவர் 'தேங்க்ஸ்'ங்கிறார். முடிஞ்சது! அரை நிமிஷம்கூட இல்லை. உலகமே கைகொட்டிச் சிரிச்சது. ஒரே மாசத்துக்குள்ளே, ஜூன் 19-ம் தேதி, மைக்ரோசாஃப்ட் அந்தக் கண்டிஷனை எல்லாம் வாபஸ் வாங்கிடுச்சு.

அன்னிக்கு அந்த வீடியோ விட்ட அதே சோனி, 2024 நவம்பர்ல பி.எஸ் 5 ப்ரோ விட்டப்போ பெட்டியில டிஸ்க் டிரைவே இல்லை. வேணும்னா தனியா காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கோங்கறாங்க. (அந்த ப்ரோ அப்போ இந்தியாவுக்கே வரலை. அது வயர்லெஸ் அலைவரிசை விவகாரம், விடுங்க.) 2025 ஜூன்ல வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 2-ல இன்னொரு தந்திரம். சில கேம்களுக்கு அட்டை இருக்கு, ஆனா அட்டைக்குள்ளே கேம் இல்லை! சாவி மட்டும்தான். சொருகினா, 'போய் டவுன்லோடு பண்ணிக்கோ'ங்குது. ஓட்டையே போடாத ஜக்கார்டு அட்டையைக் கொடுத்து, 'டிசைன் முதலாளி வீட்டுல இருக்கு, தினம் வந்து பார்த்துட்டுப் போய் நெய்'யுனு சொன்னா எப்படி இருக்கும்?

சாகாத கிரிக்கெட்

இப்போ இதுக்கு எதிர்ப்பக்கம். நம்ம ஹாஸ்டல்கள்ல ஒரு அதிசயம் இருபது வருஷமா நடந்துக்கிட்டிருக்கு. ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் 2006 நவம்பர்ல 'கிரிக்கெட் 07' விட்டாங்க, கம்ப்யூட்டருக்கும் பி.எஸ் 2-வுக்கும். அதுக்கப்புறம் அந்தக் கம்பெனி கிரிக்கெட் பக்கமே தலை வெச்சுப் படுக்கலை. வேற கேமா இருந்தா, செத்து புல் முளைச்சிருக்கும். ஆனா, கிரிக்கெட் 07-ஐ இன்னிக்கும் ஆடுறாங்க. புது ஐ.பி.எல் ஜெர்சி, புது ஸ்டேடியம், புது பேட் ஸ்டிக்கர் வரைக்கும் ரசிகர்களே செஞ்சு ஏத்திக்கிறாங்க. தோனி அதுல கேப்டன்கூட கிடையாது, அப்புறம் கேப்டனாகி, கோப்பை வாங்கி, ரிட்டயர் ஆகி... எல்லாத்தையும் பசங்களே அப்டேட் பண்ணினாங்க.

ஏன் முடிஞ்சது? ஃபைல் நம்ம கையில இருந்துச்சு. யாரையும் கேட்க வேண்டியது இல்லை, எந்த சர்வருக்கும் சலாம் போட வேண்டியது இல்லை. பென் டிரைவ்ல ரூம் ரூமா போச்சு. கம்பெனி கைவிட்ட குழந்தையைத் தெருவே வளர்த்துச்சு. இன்னிக்கு வர்ற கேம்கள்ல எதை 2045-ல உங்க பையன் ஆடுவான்னு நினைக்கிறீங்க? எனக்குத் தெரிஞ்சு லிஸ்ட் ரொம்பச் சின்னது.

இதுக்காக வெளிநாட்டுல சண்டை நடக்குது. 'தி க்ரூ' மூடினதும் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்'னு ஒரு இயக்கம் கிளம்பிச்சு. சர்வரை மூடு, ஆனா வாங்கினவன் ஆடுற மாதிரி ஒரு வழி விட்டுட்டு மூடுங்கிறதுதான் கோரிக்கை. ஐரோப்பாவுல 2025 ஜூலையில கையெழுத்து 10 லட்சத்தைத் தாண்டிடுச்சு. கலிஃபோர்னியாவுல 2025 ஜனவரி 1-லேர்ந்து ஒரு சட்டம். கொடுக்கிறது வெறும் அனுமதினா, அதைத் தெளிவா சொல்லாம 'வாங்குங்கள்'னு பட்டன் வைக்கக் கூடாது. நம்ம ஊர்ல? ம்ஹூம். ஆன்லைன் ரம்மிக்குச் சட்டம் போட்டாச்சு, அது தேவைதான். காசு கொடுத்து கேம் வாங்கினவனுக்கு என்ன உரிமைனு பேச்சையே காணோம்.

வெண்பா வந்த வழி

எல்லாம் சரி, டிஜிட்டலே பாவம்னு சொல்லிட முடியுமா? முடியாது. அங்கேதான் என் வாதம் கொஞ்சம் இடறுது, மறைக்க மாட்டேன்.

2023 ஜூலை 31-ம் தேதி 'வெண்பா'னு ஒரு கேம் வந்தது. டொரண்டோவுல விசை கேம்ஸ்னு ஒரு குட்டி டீம். 1988-ல கனடாவுக்குக் குடிபோற ஒரு தமிழ்க் குடும்பம், அம்மா வெண்பா, அப்பா பாவலன், பையன் கவின். துப்பாக்கி இல்லை, கார் இல்லை. அழிஞ்சுபோன சமையல் குறிப்பை வெச்சுக்கிட்டு இட்லி அவிக்கணும், புட்டு செய்யணும். இட்லித் தட்டை எப்படி அடுக்கணும்னு யோசிக்கிறதுதான் புதிர்! வெள்ளைக்கார யூடியூபர் ஒருத்தர் இட்லித் தட்டோட மல்லுக்கட்டினதைப் பார்த்து நான் சிரிச்ச சிரிப்பு இருக்கே... எங்க ஊர் வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லியை ஒரு லெவலா வெச்சிருந்தா ஆள் அவுட்! மந்தாரை இலை போட்டு மூங்கில் குடலையில அவிக்கிற சமாசாரமாச்சே. 2024 ஏப்ரல்ல 'வெண்பா'வுக்கு பாஃப்டா விருது, சிறந்த அறிமுக கேம்னு. தமிழ்ப் பாட்டு பின்னணியில ஓட, எக்ஸ்பாக்ஸ்லயும் ஸ்விட்ச்லயும் பி.எஸ் 5-லயும் தமிழ் அம்மா ஒருத்தி.

அப்படி ஒரு சின்ன டீம், டிஸ்க் அடிச்சு நாடு நாடா கடைக்கு அனுப்பித்தான் கேம் விடணும்னா, 'வெண்பா' வந்தே இருக்காது. டிஜிட்டல் கடை இருந்ததாலதான் வந்தது. இதை இன்னொரு கணக்கோட சேர்த்துப் பாருங்க. பெங்களூர்ல 1997-ல தொடங்கின துருவா மாதிரி கம்பெனிகள் வருஷக்கணக்கா வெளிநாட்டு கேம்களுக்கு காரும் கட்டடமும் மரமும் வரைஞ்சு கொடுத்தாங்க. கேம் பேர் வேற யாரோடது. 2019-ல அந்த துருவாவையே ஜி.டி.ஏ எடுக்கிற ராக்ஸ்டார் வாங்கிட்டது. சம்பளம் உண்டு, திறமை உண்டு, ஆனா கூலித் தறி. அந்த வரிசையில 'வெண்பா' சொந்த அட்டை போட்ட சொந்தத் தறி. அதுக்கு வழி விட்டது டிஜிட்டல்தான், அந்த நன்றியை நான் மறுக்கலை.

ஆகவே என் சண்டை டவுன்லோடோட இல்லை, பூட்டோட. பூட்டு இல்லாம விற்க முடியாதாங்கிறதுதான் கேள்வி. முடியும். ஜி.ஓ.ஜி-னு ஒரு கடை 2008-லேர்ந்து கம்ப்யூட்டர் கேம்களைப் பூட்டே போடாம விற்குது. ஃபைலை எடுத்து ஹார்ட் டிஸ்க்ல வெச்சுக்கலாம், அந்தக் கடையே மூடினாலும் ஓடும். ஸ்டீம் 2024-ல 'ஃபேமிலி' வசதி கொண்டுவந்தது. ஒரு வீட்டுல ஆறு பேர் வரைக்கும் கேம்களைப் பொதுவா வெச்சுக்கலாம். ஒரே வீடா இருக்கணுமாம். எங்க தெருவே ஒரே வீடுதான், அதை அவங்களுக்கு யார் சொல்றது? நிண்டெண்டோ 2025 ஏப்ரல்ல இன்னும் ஒரு படி போச்சு. டவுன்லோடு பண்ணின கேமையே அட்டை மாதிரி குடும்பத்துல ஒருத்தருக்கு 14 நாள் இரவல் கொடுக்கலாம். 14 நாள் முடிஞ்சா தானா திரும்பி வந்துடும்! 'நாளைக்குத் தர்றேன்'னு ஒரு மாசம் இழுத்த எங்க கூட்டத்துக்கு இது எவ்வளவோ மேல். இரவலுக்கு மிஷின் கண்டுபிடிச்சாச்சு பாஸ். அதைக் குடும்பத்துக்கு வெளியே திறந்துவிட மனசு வரலை, அவ்வளவுதான்.

சரி, கடைக்குப் போக ரெடியா நிக்கிறவங்களுக்கு. என் ஓட்டு டிஸ்க் போடுற பெட்டிக்கு. 2021-ல இருந்த அந்தப் பத்தாயிரம் வித்தியாசத்தையே வெச்சுக்கிட்டாலும், அது அதிகம்னு தோணுச்சுனா, கணக்கு இப்படிப் போடுங்க. புது டிஸ்க் 4,999-க்கு எடுத்து, ஆடி முடிச்சு, பாதி விலைக்கு வித்தாக்கூட நாலு கேம்ல வித்தியாசம் சரியாப்போச்சு. செகண்ட் ஹேண்ட்லயே எடுத்தீங்கனா அதுக்கும் முன்னாடியே. ஹாஸ்டல்ல அஞ்சு பேர் சேர்ந்து ஆளுக்கொரு டிஸ்க் எடுத்தா, ஆளுக்கு அஞ்சு கேம். 2023 கடைசியில வெளிநாட்டுலயும், 2024 ஏப்ரல்ல இங்கேயும் வந்த ஒல்லி மாடல் பி.எஸ் 5 இருக்கே, அதோட டிஜிட்டல் பெட்டிக்கு டிரைவைத் தனியா மாட்டிக்கலாம். பணம் இப்போ பத்தலைனா அந்த வழியும் உண்டு. பழைய டிஜிட்டல் பெட்டியை மட்டும் செகண்ட் ஹேண்ட்ல சீப்பா கிடைக்குதேனு எடுத்துடாதீங்க, அதுல மாட்ட இடமே கிடையாது. அப்புறம், எந்த டிஸ்க் வாங்கினாலும் அட்டையோட பின்பக்கம் பொடி எழுத்தைப் படிங்க. 'இன்டர்நெட் கட்டாயம் தேவை'னு போட்டிருந்தா, அந்த வாய் வழியா நீங்க சொருகுறது வெறும் சாவிதான்.

அடுத்த வாரம்: ஒரு ஜாய்ஸ்டிக் செத்தா புதுசு வாங்காம, ரிச்சி தெரு போகாம, வீட்டுலயே அனலாக் குச்சியைச் சரி பண்றது எப்படி? ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் மட்டும் தேடி வைங்க.